கம்ப்யூட்டரைத் தொடாத கைக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை!

(அரியலூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, சிமெண்ட் ஆலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை ஏற்றும் தோழர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். புருவத்தில்கூடச் சிமெண்ட் தூள் படிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். இஞ்சினீயரிங் படிக்கும் மகனுடைய மார்க்கு விவரம் அது. பாடங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எதிரே இங்கிலீஷ் எழுத்துக்கள். ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "அண்ணே, இது என்ன எழுத்து? பாஸா, பெயிலா? பையனைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்" என்றார்.

அந்த எழுத்து 'யு'. மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும் என்று அர்த்தம். பாடத்தின் பெயரைத் தமிழில் சொன்னால், 'பிரச்னைகளைத் தீர்த்தலும் பைத்தான் புரோகிராம் எழுதுதலும்'. பெயரைப் பாருங்கள், தோழர்களே! வீட்டுப் பிரச்னையைத் தீர்ப்பான் என்று நம்பி அனுப்பிய பிள்ளைக்கு, பிரச்னைகளைத் தீர்க்கும் பாடமே முதல் பிரச்னையாக வந்து நிற்கிறது.

அந்தத் தோழருக்கு அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. போனஸ் கணக்கைக் கேட்டால் சொல்வோம். பஞ்சப்படிக் கணக்கைக் கேட்டால் சொல்வோம். இந்த எழுத்தின் கணக்கு எங்களுக்குத் தெரியாது. ஆகவே நாங்கள் சிலர் கிளம்பினோம். அரியலூர், செந்துறை, ஜயங்கொண்டம், பெரம்பலூர் வட்டாரங்களில், நம் வீடுகளிலிருந்து இஞ்சினீயரிங் படிக்கப் போன பிள்ளைகளைக் கண்டு பேசினோம். திண்ணையில் பேசினோம், பஸ் நிலையத்தில் பேசினோம், ஒரு பெண்ணிடம் பருத்திக் காட்டு வரப்பிலே உட்கார்ந்து பேசினோம். அவர்கள் சொன்னதையும், அதையொட்டி நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்கள் முன் வைக்கிறோம். எந்தக் கல்லூரி, எந்த வாத்தியார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் இன்னும் அங்கேதான் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், புரோகிராம் என்றால் என்ன? ஜயங்கொண்டம் பக்கத்து நெசவாளத் தோழர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஜக்கார்டு தறியில் அட்டை கோத்துத் தொங்கவிடுகிறோம் அல்லவா? அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல் மேலே எழும்புகிறது. ஓட்டை இல்லாத இடத்தில் எழும்புவதில்லை. அட்டை சொல்கிறபடி தறி கேட்கிறது. சேலையில் மாங்காய் விழுகிறது, அன்னம் விழுகிறது. 1804-ல் பிரான்ஸ் தேசத்து ஜக்கார் என்பவர் பட்டுத் தறிக்கு அமைத்த ஏற்பாடு இது. பிற்பாடு இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் கணக்குப் போடும் எந்திரம் ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்கு உத்தரவு கொடுக்க இந்த அட்டையையே எடுத்துக்கொண்டார். ஆக, கம்ப்யூட்டருக்குத் தறி ஒரு பாட்டன். எந்திரம் செய்ய வேண்டியதை ஒன்றன்பின் ஒன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி வைப்பதுதான் புரோகிராம். அதை எழுதுகிற பாஷைகளில் ஒன்று பைத்தான். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்டது. மலைப்பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் ரசித்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்து வைத்தார். நம் பிள்ளைகளை அது பாம்பாகக் கடித்தது வேறு கதை!

அண்ணா பல்கலைக்கழகம் தன் விதிகளையும் பாடத்திட்டத்தையும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி வந்திருக்கிறது. 2013, 2017, 2021 என்று வரிசையாக வந்தன. 2017 விதிகளிலிருந்து முதல் அரையாண்டிலேயே பைத்தான் வந்துவிட்டது. சிவில் படிக்கிறவனுக்கும் உண்டு, மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கும் உண்டு. இதை நாங்கள் குறை கூறவில்லை. வரவேற்கிறோம். இனிமேல் எந்த ஆலையிலும் எந்திரத்துக்கு உத்தரவு போடுகிற வேலை இருக்கத்தான் போகிறது. அந்த வேலை நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனால், உத்தரவு போடுவதற்கு ஒரு ஜாதி, மூட்டை தூக்குவதற்கு ஒரு ஜாதி என்று பழைய கதையே புது வேஷத்தில் வரும்.

2021 விதிகளின் கீழ் வந்த செய்முறைப் பட்டியலை ஒரு பிள்ளை காட்டினான். படித்துப் பார்த்து நாங்கள் ஆச்சரியப்பட்டோம். மின்சாரக் கட்டணக் கணக்கு, சில்லறைக் கடை பில், இரும்புக் கம்பியின் எடை, ஒரு கட்டடம் கட்டத் தேவையான சாமான்களின் பட்டியல் என்று போகிறது. தோழர்களே, இது எங்கிருந்தோ வந்த வித்தை அல்ல. நம் வீட்டு விஷயம்! கரண்டு பில்லைப் படித்துக் கணக்குப் பார்க்கிற தாய்மார்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்? 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை, அதைத் தாண்டினால் இன்ன விலை, இன்னும் தாண்டினால் இன்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்பதுதான் அந்தப் பாடத்தின் நடு நரம்பு.

செந்துறைப் பக்கத்தில் ஒரு பையன். தகப்பனார் கம்பி கட்டும் தொழிலாளி. கம்பியின் எடையைக் கண்டுபிடிக்கும் புரோகிராம் அவனுக்கு எவ்வளவு முயன்றும் வரவில்லையாம். போர்டில் ஒரு சூத்திரத்தை இங்கிலீஷில் எழுதினார்கள், எழுதிக்கொண்டான், மனப்பாடம் செய்தான், பரீட்சையில் மறந்துவிட்டான். எங்கள் எதிரிலேயே தகப்பனாரைக் கேட்டோம்: "பன்னிரண்டு மில்லிக் கம்பி மீட்டருக்கு என்ன எடை வரும்?" அவர் யோசிக்கவே இல்லை. "பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கு, நூற்று அறுபத்திரண்டால் வகு. ஒரு கிலோவுக்கு நூறு கிராமுக்கு மேல் குறையும்" என்றார். 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.89. சரியான விடை! பையன் அப்பாவை அப்படிப் பார்த்தான், இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருந்தவரை அன்றுதான் கண்டதுபோல. வீட்டுத் திண்ணையில் இருந்த கணக்குக்காக அவன் ஒரு அரையாண்டு அழுதிருக்கிறான். அந்தக் கணக்குக்கும் அவன் பாடத்துக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேச அங்கே யாருக்கும் நேரமில்லை.

சரி, இவ்வளவு நல்ல பாடத்தில் பிள்ளைகள் ஏன் தடுக்கி விழுகிறார்கள்? அவர்கள் சொன்ன காரணங்கள் பல. ஒன்றைத்தான் அதிகம் சொன்னார்கள்: எந்திரம் கைக்கு வரவில்லை.

விதிப் புத்தகத்தில் வாரத்துக்கு 3 மணி நேரம் பாடம், 4 மணி நேரம் செய்முறை என்று போட்டிருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு எந்திரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் உட்கார்ந்தால் விசைப்பலகை யார் கையில் இருக்கும்? வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் கையில்! அவன் விரல் வேகமாக ஓடுகிறது. நம் பிள்ளை எட்டிப் பார்க்கிறான். ஒரு பெண் சொன்னாள்: "எங்கள் குழுவில் நான் ரெக்கார்டு நோட்டு எழுதுவேன், அவன் டைப் அடிப்பான். வேலையைப் பிரித்துக்கொண்டோம் என்று நினைத்தேன். நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று பரீட்சை நாளில்தான் தெரிந்தது." அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தோம். கோடு கிழித்து, வர்ணம் மாற்றி, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எழுதியிருந்தாள். அழகுக்கும் மார்க்கு கொடுத்திருக்கிறார்கள். அந்த நோட்டில் இருக்கிற ஒரு புரோகிராமைக்கூட அவள் தன் கையால் ஓட்டிப் பார்த்ததில்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2010-ல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இஞ்சினீயரிங் இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. கட்டணத்தையும் சர்க்காரே ஏற்றது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம் நடுவில் சில வருஷம் நின்று போய், 2025 பட்ஜெட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று மறுபடி அறிவிக்கப்பட்டது. நின்று போன அந்த வருஷங்களில் முதலாண்டு படித்த பிள்ளைகளைத்தான் நாங்கள் அதிகம் சந்தித்தோம். கைபேசியில் ஒரு விரலால் புரோகிராம் அடித்துப் பழகியிருக்கிறார்கள். அந்தச் சின்னத் திரையில் முழுதாகப் பத்து வரி தெரியாது!

இரண்டாவது, பாஷை. எந்திரம் தவறு கண்டால் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டும். பிழை எந்த வரியில், என்ன விதம் என்று சொல்லுகிற சிநேக வாக்கியம் அது. படிக்கத் தெரிந்தவனுக்கு வழிகாட்டி. தெரியாதவனுக்குச் சிவப்பு எழுத்தில் வந்த வசவு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த ஒரு பையன், சிவப்பெழுத்து வந்தவுடன் எந்திரத்தையே அணைத்துவிடுவானாம், கெட்டுப் போயிற்று என்று பயந்து. எந்திரம் கெடவில்லை என்று அவனுக்குச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் மீடியத்திலும் தொடங்கியது. 2023 மே மாதத்தில் 11 உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. சேர ஆளில்லை என்றார்கள். தமிழில் படித்தவனுக்கு வேலை இல்லை என்ற பயத்தைப் போக்காமல் ஆள் எப்படி வரும்? புரோகிராமின் பத்து இருபது சொற்கள் இங்கிலீஷில் இருக்கட்டும், அதனால் மோசமில்லை. விளக்கத்தைத் தமிழில் சொன்னால் எந்த வானம் இடிந்து விழும்?

இனி மார்க்கு விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

பரீட்சை மூன்று மணி நேரம், 100 மார்க்கு. இரண்டு மார்க்குக் கேள்வி பத்து, பதின்மூன்று மார்க்குக் கேள்வி ஐந்து, பதினைந்து மார்க்குக் கேள்வி ஒன்று. எல்லாம் பேனாவால் காகிதத்தில் எழுத வேண்டும். புரோகிராமையும்தான்! தோழர்களே, நீச்சல் பரீட்சையைக் கரையில் உட்கார்ந்து கட்டுரையாக எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? பைத்தானில் ஒரு வரி எத்தனை இடம் தள்ளித் தொடங்குகிறது என்பதற்கே அர்த்தம் உண்டு. உள்ளே தள்ளி எழுதினால் ஒரு வேலை, தள்ளாவிட்டால் வேறு வேலை. எந்திரத்தில் அது உடனே தெரியும், திருத்திக்கொள்ளலாம். காகிதத்தில் அவசரமாகக் கிறுக்கும்போது அரை விரல்கடை இடத்தை யார் அளந்து பார்ப்பது? அந்த அரை விரல்கடையில் ஒரு பிள்ளையின் மார்க்கு ஊசலாடுகிறது.

செய்முறைக்குத் தனிப் பரீட்சை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் 2021 விதிகளின்படி எழுத்துப் பாடத்துக்கு எடை 3, செய்முறைக்கு எடை 2. கையால் செய்வதைவிட அதைப் பற்றி எழுதுவதற்கு மதிப்பு அதிகம். இந்த நாட்டில் இது நமக்குப் புதிதா?

2017 விதிகளில் கல்லூரிக்குள் போடும் மார்க்கு 20, பல்கலைக்கழகப் பரீட்சைக்கு 80. 2021-ல் அதை 40, 60 என்று மாற்றினார்கள். வருஷம் முழுவதும் செய்யும் வேலைக்கு மதிப்பு கூடியது நல்லதுதான். தேறுவதற்கு இறுதிப் பரீட்சையில் 45 சதவீதமாவது வேண்டும். இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். இதுவரை சரி. இதற்கப்புறம்தான் புது விஷயம் வருகிறது. 2017 விதிகளில் 91-க்கு மேல் எடுத்தால் 'ஓ' என்று கோடு நிலையாக இருந்தது. 2021 விதிகளில், ஒரு பாடத்தில் 30 பேருக்கு மேல் இருந்தால், தேறியவர்கள் எல்லோருடைய மார்க்கையும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, கூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்து, அதன்படி எழுத்தை வழங்குவது என்று ஏற்பாடு. அதாவது, நீ எவ்வளவு கற்றாய் என்பது மட்டும் போதாது. பக்கத்திலிருப்பவனைவிட எவ்வளவு கற்றாய் என்று பார்ப்பார்கள்.

ஆலைத் தோழர்களே, இது உங்களுக்குப் பழகின வாசனையாக இருக்கிறதா, இல்லையா? வேகமாக ஓட்டுகிறவனை வைத்து நிர்ணயம் போடுவது, அதை எட்டாதவனைச் சோம்பேறி என்பது! அறுவடைத் தோழர்களுக்கும் தெரியும்: முன்னால் அறுத்துக்கொண்டு போகிறவனைக் காட்டி மற்றவர்களை விரட்டுகிற மேஸ்திரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கூலி வேலையிலாவது அவனும் நாமும் ஒரே நேரத்தில் அரிவாளை எடுத்தோம். இங்கே ஒருவன் பத்து வயதிலிருந்து எந்திரத்தோடு விளையாடியவன். இன்னொருவன் பதினெட்டாம் வயதில்தான் அதைத் தொட்டவன். இருவரையும் மூன்று மாதம் கழித்து ஒரே வரிசையில் நிறுத்தி எழுத்து வழங்கினால், அந்த எழுத்து எதை அளக்கிறது? மூன்று மாதத்தில் கற்றதையா, அதற்கு முன்பு வீட்டில் இருந்ததையா?

இன்னொரு தீமையும் உண்டு. ஒரு விடுதியில் பிள்ளைகள் சொன்னார்கள்: நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவன் முன்பெல்லாம் ராத்திரியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பானாம். தேறியவர்கள் கூடக் கூட, மார்க்கு ஏற ஏற, தன் எழுத்து இறங்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டபின் நிறுத்திவிட்டானாம். அவனை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பல, அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. முதல் அரையாண்டில் விழுந்த எழுத்து, நாலாம் வருஷத்தில் வாசலில் நின்று மறிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய பொய்யைப் பற்றிச் சொல்ல வேண்டும். "புரோகிராம் எழுதுவது பிறவியிலேயே வர வேண்டும், சிலருக்கு வரும், சிலருக்கு வரவே வராது" என்று படித்தவர்களே பேசுகிறார்கள். பிறப்பினால் தகுதி என்ற பேச்சை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2006-ல் இங்கிலாந்தில் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெஹ்னாதி, போர்னாட் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாடம் தொடங்குமுன்பே ஒரு சோதனை வைத்து, யாருக்கு வரும், யாருக்கு வராது என்று பிரித்துவிடலாம் என்றார்கள். உலகமெங்கும் வாத்தியார்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தோற்ற பிள்ளைமேல் பழியைப் போட இதைவிட வசதி வேறென்ன? 2014-ல் போர்னாட் தாமே முன்வந்து, அந்தக் கட்டுரை தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினார். அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்குவோம். ஆனால் பொய் ஏறிய வேகத்தில் மறுப்பு ஏறவில்லை.

அப்புறம் கனடாவில் எலிசபெத் பட்டிட்சாஸ் என்ற பெண்மணியும் மற்றவர்களும், 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 778 வகுப்புகளின் மார்க்குப் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார்கள். 'வருகிறவன் ஒரு கூட்டம், வராதவன் ஒரு கூட்டம்' என்று இரண்டாகப் பிளந்திருக்கும் என்பதுதான் நம்பிக்கை. அப்படிப் பல மேடாகத் தெரிந்தவை 100-க்கு 6 கூட இல்லை. பிறவித் திறமை என்று நம்புகிற வாத்தியார் கண்ணுக்குத்தான், சாதாரணப் பட்டியலும் பிளந்ததாகத் தெரிகிறது என்று சொன்னார்கள்.

நம் பிள்ளைகள் மட்டும்தான் விழுகிறார்களா? இல்லை. 2007-ல் டென்மார்க்கைச் சேர்ந்த பென்னட்சன், காஸ்பர்சன் இருவரும் பல நாட்டுக் கல்லூரிகளைக் கேட்டு எழுதினார்கள்: இந்த முதல் பாடத்தில் சராசரியாக மூன்றில் ஒருவர் தேறுவதில்லை. 2019-ல் மறுபடி பார்த்தபோது 28 சதவீதம். ஆக, இது உலகத்துக்கே கடினமான வாசற்படி. வாசற்படி உயரம் என்று தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பேர்பெற்ற கல்லூரி இருக்கிறது. அங்கே 1968-லேயே முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்து மார்க்கு போடுவதை நிறுத்தினார்கள். பிற்பாடு அதை முதல் அரையாண்டுக்கு என்று சுருக்கினாலும், அந்த அரையாண்டில் தவறினால் வெளியே காட்டும் மார்க்குப் பட்டியலில் அது ஏறுவதே இல்லை. வெவ்வேறு பள்ளியிலிருந்து வந்தவர்கள், கால் ஊன்றட்டும் என்று! உலகத்தில் மிகவும் வசதியான பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அந்தக் கருணை. கூரை வீட்டிலிருந்து வந்தவனுக்கு முதல் நாளிலிருந்தே தராசு.

திருத்துகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல்-மே பரீட்சைக்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீட்டுக்கு வந்த மனுக்கள் மூன்று லட்சத்துக்கு மேல். மறுமதிப்பீட்டில் தேறியவர்கள் 73 ஆயிரத்துக்கு மேல். அதில் பணம் கைமாறியது என்று 2018 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை அதிகாரிகள், ஆசிரியர்கள் பத்துப் பேர்மீது வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். நாம் கேட்பது வேறு: காசு கட்டி மறுபடி பார்க்கச் சொல்ல முடியாமல் சும்மா இருந்த பிள்ளைகள் எத்தனை பேர்? 1956-ல் இதே அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து ரயில் கவிழ்ந்தபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பாலம் உடைந்தால் பயணியைக் குற்றம் சொல்லமாட்டோம் அல்லவா? வகுப்பில் பாதி கவிழ்ந்தால் மட்டும் ஏன் பிள்ளையைக் குற்றம் சொல்கிறோம்?

இந்த மாவட்டத்து ஜனங்களாகிய நமக்கு மார்க்கு என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடியாது. குழுமூர் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவள். 2017-ல் இன்னொரு பரீட்சையின் மார்க்கு அதையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிற்று. அந்தப் பெண்ணை இழந்தோம். ஆகவே, தகப்பன்மார்களே, தாய்மார்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம்: 'யு' வாங்கிய பிள்ளையிடம் இன்று ராத்திரி கோபமாகப் பேசாதீர்கள். அது மறுபடி எழுதக்கூடிய பரீட்சை. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தடுக்கியது என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள்.

தப்பு எங்களிடமும் உண்டு. கட்டணத்துக்காகப் போராடினோம், இடத்துக்காகப் போராடினோம். பிள்ளை உள்ளே போய்விட்டான் என்றதும் நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். வாத்தியார்களை மட்டும் திட்டுவதிலும் அர்த்தமில்லை. அவர்களில் பலர் நம்மைப்போலவே ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். தனியார் கல்லூரிகளில் சம்பளம் மாதக் கணக்கில் பாக்கி நிற்பதும் உண்டு. அறுபது பிள்ளைகளின் சிவப்பெழுத்தை ஒரு ஆள் எப்படிப் பார்ப்பார்?

பரீட்சையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாலம் கட்டப் போகிறவன் கணக்குத் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பரீட்சையை எந்திரத்தின் முன் உட்காரவைத்து நடத்துங்கள். பிழை வந்தால் திருத்திக்கொள்ள நேரம் கொடுங்கள். புரோகிராம் எழுதும் தொழிலில் பாதி வேலையே பிழை திருத்துவதுதானே! கூட்டத்தைப் பார்த்து எழுத்துப் போடும் முறையை இந்த முதல் பாடத்துக்காவது விட்டுவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பூட்டுகிற செய்முறைக் கூடத்தை ராத்திரி ஒன்பது வரை திறந்து வையுங்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து அங்கே உட்கார வையுங்கள். இதற்கெல்லாம் கோடி கோடியாகச் செலவில்லை. ஒரு பூட்டைத் திறந்தால் போதும், பெரும்பாலும்.

பருத்திக் காட்டு வரப்பில் பேசிய பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லையே. அவளுக்கும் இந்தப் பாடத்தில் 'யு'தான். விடுமுறையில் அம்மாவோடு பருத்தி எடுக்க வந்திருந்தாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தினம் எடை போட்டுக் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவார். சனிக்கிழமை மொத்தமாகக் கொடுப்பார். இந்தப் பெண் பதினொரு பெண்களின் தினசரி எடையைத் தன் பழைய கைபேசியில் குறித்துக்கொண்டு, அதைக் கூட்டிப் பெருக்கிப் பெயர் பெயராகக் காட்டும் புரோகிராம் ஒன்றை அந்த ஒற்றை விரலால் எழுதியிருக்கிறாள். பதினாலு தடவை சிவப்பெழுத்து வந்ததாம். பதினைந்தாவது தடவை ஓடியதாம். சனிக்கிழமை கணக்குப்பிள்ளை சொன்னதற்கும் இவள் கணக்குக்கும் மூன்று பெண்களுக்கு வித்தியாசம் வந்தது. ஒருத்திக்கு 140 ரூபாய். நோட்டைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். கூட்டலில் பிழை என்று ஒப்புக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். பரீட்சையில் கேட்கிற 'மாணவர் மார்க்குப் பட்டியல்' கேள்வியும் இதே கணக்குத்தான், பெயர்கள் மட்டும் வேறே. "இதை ஏன் பரீட்சையில் எழுதவில்லை?" என்று கேட்டோம். "அங்கே இப்படிக் கேட்கவில்லையே" என்றாள்.

அந்தப் பெண்ணும் மூட்டை ஏற்றும் தோழரின் மகனும் வருகிற பரீட்சையில் இந்தப் பாடத்தை மறுபடி எழுதுகிறார்கள். சங்க ஆபீசில் பழைய கம்ப்யூட்டர் மூன்று சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் சில எழுத்துக்கள் அழுத்தினால் விழாது, சரி செய்யக் கொடுத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் மாலை நாலு மணி முதல் எட்டு மணி வரை திறந்திருக்கும். கம்பெனியில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்திரத்துக்கு ஒருவர்தான் உட்கார வேண்டும். காத்திருப்பவர்கள் வெளியே திண்ணையில் இருக்கலாம், டீ உண்டு. முதல் ஞாயிறு கம்பி எடைக் கணக்கு. செந்துறைத் தோழர் அன்று வேலையை விட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த 162 எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாதாம். பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.